கொழும்பில் இறங்கிய சிகாகோ அணி: 1888 சீசனில் மூண்ட ‘வேலையை விடும் உரிமை’ சண்டை

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது சம்பள வரியைத்தான். ‘நோட்டீஸ் பீரியட் 90 நாள்’, ‘2 வருஷ பாண்ட்’ போன்ற வரிகள் கண்ணில் படுவது பெரும்பாலும் வேறு கம்பெனியில் வேலை கிடைத்த பிறகுதான். வேலையில் சேர்வது சுலபம், விடுவதுதான் கஷ்டம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இந்தக் கஷ்டம் ஐடி கம்பெனிகளோடு பிறந்ததில்லை. சுமார் 135 வருஷங்களுக்கு முன்பு, அமெரிக்காவின் பெரிய விளையாட்டு நட்சத்திரங்கள் இதே விஷயத்துக்காக முதலாளிகளோடு மல்லுக்கு நின்றார்கள். அந்தச் சண்டை சூடு பிடித்த மாதங்களில் அவர்களில் 20 பேர் கொழும்பில் இறங்கி, ஒரு பேஸ்பால் ஆட்டமும் ஆடிவிட்டுப் போனார்கள்.

சிகாகோ வைட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் 1888 சீசன், அதன் தொடர்ச்சியாக நடந்த உலகச் சுற்றுப்பயணம், அதற்குப் பிறகு வெடித்த கலகம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஐபிஎல் ஏலம் முதல் சேவூர் பட்டுத் தறி வரை பல விஷயங்கள் புரியும்.

சிகாகோ வைட் ஸ்டாக்கிங்ஸ் யார்?

இன்று ‘சிகாகோ கப்ஸ்’ என்று அறியப்படும் அணியின் பழைய பெயர்தான் இது. அமெரிக்காவில் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடிய முதல் பேஸ்பால் அணி 1869-ன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அதற்கு முன்பு காசு வாங்குவதெல்லாம் மறைவில் நடந்தது. 1876-ல் ‘நேஷனல் லீக்’ தொடங்கியபோது சிகாகோ அதன் முக்கியத் தூணாக இருந்தது.

1880, 1881, 1882, 1885, 1886 என்று 7 வருஷத்தில் 5 முறை லீக் பட்டம் வென்ற அணி அது. கேப்டன் அட்ரியன் ஆன்சன். தலைவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். பந்து, மட்டை, கையுறை விற்கும் ‘ஸ்பால்டிங்’ நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான். முன்பு அவரே பெரிய பிட்சர். அதாவது, ஆடியவரே பிறகு முதலாளி ஆனவர்.

1888 சீசனில் என்ன நடந்தது?

சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்பு, தன் நட்சத்திர பிட்சர் ஜான் கிளார்க்ஸனை பாஸ்டன் அணிக்கு 10,000 டாலருக்கு விற்றது சிகாகோ. முந்தைய வருஷம் 1887-ல்தான் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ‘கிங்’ கெல்லியை அதே பாஸ்டனுக்கு அதே 10,000 டாலருக்கு விற்றிருந்தது. இரண்டு பேர், 20,000 டாலர். பணம் போனது கிளப்பின் கல்லாவுக்கு.

கிளார்க்ஸனுக்கு பாஸ்டன் போக விருப்பம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் விருப்பம் இல்லாமல் போயிருந்தாலும் விற்பனை நின்றிருக்காது. அன்றைய விதி அப்படி.

அவர் இல்லாமலும் சிகாகோ நன்றாகவே ஆடியது. சீசனின் முதல் பாதியில் முன்னிலையில் இருந்தது. 36 வயது ஆன்சன் .344 சராசரியோடு லீக்கின் சிறந்த பேட்டர் ஆனார். ஜிம்மி ரையன் 16 ஹோம் ரன் அடித்து அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். ஆனால் நியூயார்க் ஜயன்ட்ஸ் பிட்சர் டிம் கீஃப் தொடர்ந்து 19 ஆட்டங்களில் வென்று காட்டினார். கடைசியில் ஜயன்ட்ஸ் 84 வெற்றி, 47 தோல்வியோடு சாம்பியன். சிகாகோ 77 வெற்றி, 58 தோல்வியோடு இரண்டாம் இடம்.

விற்கப்பட்ட கிளார்க்ஸன் பாஸ்டனுக்காக அந்த வருஷம் 33 ஆட்டங்களை வென்றார். அடுத்த வருஷம் 49. பாஸ்டன் கொடுத்த 10,000 டாலர் வீண் போகவில்லை.

ஒரு மனிதரை எப்படி ‘விற்க’ முடிந்தது?

இதற்கு விடை ‘ரிசர்வ் விதி’. 1879-ல் நேஷனல் லீக் முதலாளிகள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு அணியும் 5 பேரின் பெயரைக் குறித்துக் கொடுக்கலாம். அந்த 5 பேரை வேறு எந்த அணியும் தொடக்கூடாது. 1883-ல் அது 11 பேர் ஆனது. 1887-ல் 14. அதாவது கிட்டத்தட்ட மொத்த அணியும்.

ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஆனால் அந்த வருஷம் முடிந்ததும் ஆட்டக்காரர் சுதந்திரமானவர் இல்லை. பழைய அணி சொல்லும் சம்பளத்துக்கு ஆடலாம், அல்லது பேஸ்பாலையே விட்டுவிடலாம். மூன்றாவது வழி கிடையாது. அணி நினைத்தால் அவரை இன்னொரு அணிக்கு விற்கலாம்.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. ஆட்டக்காரர்கள் இஷ்டத்துக்குத் தாவினால் பணக்கார அணி எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும், சின்ன ஊர் அணிகள் மூட வேண்டியதுதான் என்றார்கள். சம்பளச் செலவு கட்டுக்குள் இருந்தால்தான் லீக் பிழைக்கும் என்றார்கள். அன்றைய கிளப்புகள் அடிக்கடி திவாலானதால் இதைச் சுத்தப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் லீக் பிழைப்பதற்கான விலையை ஒரு தரப்பு மட்டுமே கொடுத்தது.

எதிர்த்துக் கேட்டவர் யார்?

ஜான் மாண்ட்கோமரி வார்ட். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். 1880-ல், 20 வயதில், எதிரணியில் ஒருவரைக்கூட பேஸில் ஏறவிடாமல் ‘பெர்ஃபெக்ட் கேம்’ வீசியவர். கை காயம்பட்டதும் பிட்சிங்கை விட்டு ஃபீல்டர் ஆனார். ஆடிக்கொண்டே படித்து 1885-ல் கொலம்பியாவில் சட்டப் பட்டம் வாங்கினார்.

அதே 1885-ல் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கத்தை அவர் தொடங்கினார். அமெரிக்க விளையாட்டு உலகில் அதுவே முதல் சங்கம். 1887-ல் ஒரு பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினார். பேஸ்பால் ஆட்டக்காரர் என்ன, ஒருவருக்குச் சொந்தமான சரக்கா என்பதுதான் தலைப்பிலேயே அவர் கேட்ட கேள்வி. தப்பி ஓடும் அடிமையைப் பிடித்து எஜமானிடம் ஒப்படைக்கச் சொன்ன பழைய அமெரிக்கச் சட்டத்தோடு ரிசர்வ் விதியை ஒப்பிட்டார்.

இந்த ஒப்பீட்டில் ஒரு முரண் உண்டு. நிஜமான அடிமைகளின் வாரிசுகளுக்கு அந்த மைதானத்தில் இடமே இல்லை. கறுப்பின ஆட்டக்காரர்கள் இருக்கும் அணியோடு ஆட மறுத்து, நிறத் தடையை இறுக்கியவர்களில் முக்கியமானவர் கேப்டன் ஆன்சன். அந்தத் தடை 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை நீடித்தது.

கொழும்புக்கு எப்படி வந்தார்கள்?

1888 சீசன் முடிந்த கையோடு ஸ்பால்டிங் ஒரு பெரிய திட்டம் போட்டார். சிகாகோ அணி ஒரு பக்கம். மற்ற அணிகளின் நட்சத்திரங்களைச் சேர்த்த ‘ஆல் அமெரிக்கா’ அணி எதிர்ப்பக்கம். இரண்டும் சேர்ந்து ஆஸ்திரேலியா போய் பேஸ்பாலை அறிமுகப்படுத்துவது. அங்கே ஆட்டம் பிடித்துப்போனால் மட்டையும் பந்தும் விற்கும் ஸ்பால்டிங்குக்கு லாபம். பிறகு பயணம் உலகச் சுற்று ஆக விரிந்தது.

ஆல் அமெரிக்கா அணியின் கேப்டன் யார் தெரியுமா? சங்கத் தலைவர் வார்டேதான்.

பயணத்தின் முக்கியக் கட்டங்கள்:

• 1888 அக்டோபர் 20: சிகாகோவில் புறப்பாடு
• நவம்பர் 18: சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறுதல்
• டிசம்பர்: நியூசிலாந்தின் ஆக்லாந்து, பிறகு சிட்னி, மெல்போர்ன்
• 1889 ஜனவரி 26: கொழும்பில் ஆட்டம்
• பிப்ரவரி 9: எகிப்தில் பிரமிடுகளின் பக்கத்தில் ஆட்டம்
• பிப்ரவரி, மார்ச்: இத்தாலி, பாரிஸ், லண்டன்
• ஏப்ரல் 6: நியூயார்க் திரும்புதல்

கொழும்பில் நடந்தது 5 இன்னிங்ஸ் மட்டுமே கொண்ட சின்ன ஆட்டம். 3-3 என்று சமனில் முடிந்தது. இந்தியாவுக்குள் அவர்கள் வரவில்லை. ஆக, தமிழ் பேசும் மண்ணுக்கு மிக அருகில் 19-ஆம் நூற்றாண்டின் தொழில்முறை பேஸ்பால் வந்து போனது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

கொழும்பில் அன்று கிரிக்கெட் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. சென்னையிலும் அப்படித்தான். அந்த 1888-ல்தான் புச்சி பாபு நாயுடு சென்னையில் இந்தியர்களுக்காக ‘மெட்ராஸ் யுனைடெட் கிளப்’பைத் தொடங்கினார். பேஸ்பால் இந்தப் பக்கம் ஒட்டவே இல்லை.

பயணத்தில் கிளாரன்ஸ் டுவால் என்ற கறுப்பின இளைஞரும் இருந்தார். ஆட்டக்காரராக இல்லை. ‘அதிர்ஷ்டச் சின்னம்’ என்ற பெயரில் ஆடவைத்து, கேலி செய்து, வேடிக்கைப் பொருளாகவே அவரை நடத்தினார்கள். சுதந்திர நாட்டின் பெருமைமிகு ஆட்டம் என்று ஊர் ஊராகக் காட்டப்பட்ட அந்தக் காட்சிக்குள் இதுவும் ஒரு பகுதி.

தலைவர் நடுக்கடலில், முடிவு ஊரில்

கப்பல் கிளம்பிய சில நாள்களிலேயே, நவம்பர் கடைசியில், நேஷனல் லீக் முதலாளிகள் கூடினார்கள். இண்டியானாபோலிஸ் அணியின் முதலாளி ஜான் பிரஷ் கொண்டுவந்த திட்டத்தை ஏற்றார்கள். ஆட்டக்காரர்கள் எல்லோரையும் 5 வகுப்பாகப் பிரிக்க வேண்டும். முதல் வகுப்புக்கு வருஷத்துக்கு 2,500 டாலர். அடுத்து 2,250, 2,000, 1,750. கடைசி வகுப்புக்கு 1,500.

வகுப்பை முடிவு செய்வது ஆட்டத் திறமை மட்டும் இல்லை. மைதானத்துக்கு வெளியே ஆள் எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்பதும் கணக்கில் வரும். இன்றைய அலுவலகங்களில் ரேட்டிங் போட்டு, ‘உங்க பேண்டுக்கு இவ்வளவுதான்’ என்று சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே, அந்த ரேட்டிங் பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கும் போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் பிரஷ் திட்டம்.

எதிர்க்க வேண்டிய சங்கத் தலைவர் அப்போது பசிபிக் கடலில் இருந்தார். அவரை ஊரை விட்டு அனுப்பிவிட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள் என்ற கோபம் ஆட்டக்காரர்களிடம் பரவியது.

பிரமிடு பக்கத்தில் ஆடிய ஆட்டத்தில் வார்டின் அணி 10-6 என்று ஜெயித்தது. ஸ்ஃபிங்க்ஸ் சிலை மீது ஏறி நின்று அணியினர் எடுத்துக்கொண்ட படம் இன்றும் பிரபலம். லண்டனில் வேல்ஸ் இளவரசர் வந்து ஆட்டம் பார்த்தார். நியூயார்க்கில் நடந்த வரவேற்பு விருந்தில் எழுத்தாளர் மார்க் ட்வைன் பேசினார். பளபளப்புக்குக் குறைச்சல் இல்லை.

ஆனால் பாரிஸ் ஆட்டத்தில் சிகாகோவின் ஷார்ட்ஸ்டாப் எட் வில்லியம்சனுக்கு முழங்காலில் பலத்த அடி. 1884-ல் ஒரே சீசனில் 27 ஹோம் ரன் அடித்தவர் அவர். அந்தச் சாதனையை 1919-ல் பேப் ரூத் வந்துதான் முறியடித்தார். அப்படிப்பட்டவர் 1889 சீசனின் பெரும்பகுதியை இழந்தார். பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. 1894-ல், 36 வயதில் இறந்துபோனார்.

உலகம் சுற்றிக் களைத்து வந்த சிகாகோ அணி 1889-ல் 67 வெற்றி, 65 தோல்வியோடு மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

கலகம் ஜெயித்ததா?

1889 நவம்பரில் வார்டின் சங்கம் நேரடியாக அறிவித்தது: இனி நாங்களே லீக் நடத்துகிறோம். 1890-ல் ‘பிளேயர்ஸ் லீக்’ 8 அணிகளோடு தொடங்கியது. பணம் போட்டவர்களும் ஆட்டக்காரர்களும் நிர்வாகத்தில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். லாபத்தில் பங்கு உண்டு. ரிசர்வ் விதியும் இல்லை, வகுப்புப் பிரிவினையும் இல்லை. நட்சத்திரங்களில் பெரும்பாலோர் அங்கே போனார்கள். சிகாகோவில் ஆன்சனும் மிகச் சிலருமே பழைய அணியில் மிஞ்சினார்கள். முழங்கால் உடைந்த வில்லியம்சனும் ஸ்பால்டிங்கை விட்டுக் கிளம்பினார்.

வார்டைத் தடுக்க நியூயார்க் கிளப் கோர்ட்டுக்குப் போனது. 1890 ஜனவரியில் நீதிபதி தடை விதிக்க மறுத்தார். கிளப் 10 நாள் நோட்டீஸில் ஆட்டக்காரரை அனுப்பிவிடலாம், ஆட்டக்காரர் மட்டும் வருஷக்கணக்கில் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றால் அது சமமான ஒப்பந்தம் இல்லை என்பதுதான் விஷயத்தின் சாரம்.

கோர்ட்டில் ஜெயித்தவர்கள் கல்லாவில் தோற்றார்கள். ஒரே ஊரில் ஒரே நாளில் இரண்டு லீக் ஆட்டம் நடந்தது. எல்லோருக்கும் நஷ்டம். நேஷனல் லீக் தரப்பின் போர்த் தளபதி ஸ்பால்டிங். அவர் பிளேயர்ஸ் லீக்கில் பணம் போட்டவர்களைத் தனித்தனியாகப் பேசி வளைத்தார். ஆட்டக்காரர்கள் உறுதியாக நின்றாலும் முதலீட்டாளர்கள் கழன்றுகொண்டார்கள். ஒரே சீசனில் கதை முடிந்தது.

1892-ல் நேஷனல் லீக் மட்டுமே பெரிய லீக்காக மிஞ்சியது. போட்டி இல்லை. அடுத்து நடந்தது எதிர்பார்த்ததுதான்: சம்பளங்கள் வெட்டப்பட்டன.

சேவூர் தறியில் இந்தக் கணக்கு எப்படி?

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை ஒட்டிய சேவூர், பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். இப்படிப்பட்ட தறி ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ரிசர்வ் விதியைப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டியதில்லை.

கூலி நெசவில் பாவு, பட்டு, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பது. நெசவாளி நெய்து கொடுத்தால் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. கல்யாணம், வைத்தியம், பிள்ளைகள் படிப்பு என்று வரும்போது முதலாளியிடமே முன்பணம் வாங்குவது பட்டுத் தறி ஊர்களில் வெகுகாலப் பழக்கம். அது அடையும் வரை வேறு முதலாளியின் பாவைத் தறியில் ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டும் என்றால் புது முதலாளி பழைய கடனை அடைக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் சேலைக்கு 500 ரூபாய் கூடுதல் கூலி கிடைக்கிறது என்றாலும், ‘முன்பணத்தை வெச்சிட்டுப் போ’ என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும்.

வார்ட் கொழும்பில் பந்தாடிய காலத்தில் இந்தக் கட்டுக்குச் சட்டத்தின் பலமும் இருந்தது. 1859-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய கைவினைஞரோ தொழிலாளியோ வேலையை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் அவரைச் சிறைக்கே அனுப்பலாம். முதலில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கு வந்து, பிறகு மற்ற பகுதிகளுக்கும் விரிந்த சட்டம் அது. 1925-ல்தான் அதை ரத்து செய்தார்கள்.

இலங்கைத் தோட்டங்களில் இதற்கு ‘துண்டு’ என்றே பெயர் இருந்தது. தமிழ்நாட்டில் இருந்து கங்காணி வழியாகப் போன தொழிலாளர்கள் பயணச் செலவு, சாப்பாடு, முன்பணம் என்று கடனோடுதான் தோட்டத்தில் கால் வைத்தார்கள். வேறு தோட்டம் போக வேண்டுமானால் பழைய துரை ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். ‘இவ்வளவு கடன், கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன்’ என்பதுதான் அதன் பொருள். புதுத் தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். துண்டு முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது.

கிளார்க்ஸனுக்கு 10,000 டாலர், தோட்டத் தொழிலாளிக்குக் கடன் துண்டு. இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை. வருஷத்துக்கு 2,000 டாலர் சம்பாதித்த நட்சத்திரத்தின் வாழ்க்கையையும் லயன் அறையில் கிடந்த தொழிலாளியின் வாழ்க்கையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒருவர் பேஸ்பாலை விட்டு வக்கீல் வேலைக்குப் போகலாம். இன்னொருவருக்குத் தோட்டத்தை விட்டால் சாப்பாடே கேள்விக்குறி. ஆனால் பூட்டு ஒரே மாதிரியான பூட்டு. இரண்டு இடத்திலும் ஆளை அனுப்பப் பேசியது இரண்டு முதலாளிகள். விலையும் அவர்களுக்குள்தான் கைமாறியது.

பூட்டு எப்போது உடைந்தது?

அமெரிக்காவில் ரொம்ப நாள் ஆனது. 1969-ல் கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின ஆட்டக்காரர், தன்னை இன்னொரு அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். சுப்ரீம் கோர்ட் வரை போய் 1972-ல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. ஆனால் 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் தீர்ப்பு சொன்னார்: ஒப்பந்தம் முடிந்து ஒரு வருஷம் ஆடிவிட்டால் ஆட்டக்காரர் சுதந்திரமானவர். 1879-ல் போட்ட பூட்டு 96 வருஷம் கழித்துத் திறந்தது.

பலன் என்ன? 1976-ல் பேஸ்பால் ஆட்டக்காரரின் சராசரிச் சம்பளம் சுமார் 51,500 டாலர். 1980-ல் சுமார் 1,43,750 டாலர். நாலே வருஷத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பந்தின் வேகமோ மட்டையின் பலமோ திடீரென்று கூடிவிடவில்லை. ‘வேறு இடம் போவேன்’ என்று சொல்ல முடிந்தது. அவ்வளவுதான்.

இந்தியாவிலும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் ஒரு பூட்டு சட்டப்படி உடைந்தது. 1976-ன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தைக் காட்டி ஒருவர் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தைப் பறிப்பதையும் கொத்தடிமை முறையாகவே வரையறுக்கிறது. தறி ஊர்களில் கூட்டுறவுச் சங்கங்கள் இன்னொரு வழியைத் திறந்தன. 1935-ல் உருவான கோ-ஆப்டெக்ஸ் அதன் பெரிய அடையாளம். நெசவாளியே உறுப்பினர், லாபத்தில் பங்கு என்ற யோசனை பிளேயர்ஸ் லீக்கின் யோசனையில் இருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

ஐபிஎல்லில் இது எங்கே நிற்கிறது?

‘ரிடென்ஷன்’, ‘ஏலம்’, ‘டிரேட்’ போன்ற சொற்கள் ஐபிஎல் ரசிகர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏலத்துக்கு வரும் இந்திய ஆட்டக்காரருக்கு எந்த அணி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அதிக விலை கேட்ட அணிக்குப் போக வேண்டும். 2010-ல் ரவீந்திர ஜடேஜாவுக்கு அந்த சீசன் முழுக்கத் தடை விழுந்தது நினைவிருக்கலாம். ராஜஸ்தான் ராயல்ஸோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு நேரடியாகப் பேசினார் என்பதுதான் காரணம்.

ஆனால் 1888-க்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று ஒரே அணிதான் விலை சொல்லும். ஏலத்தில் பல அணிகள் மோதுகின்றன, அந்தப் பணமும் ஆட்டக்காரருக்கே போகிறது. அணிகள் மொத்தமாக இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பு மட்டும் ஸ்பால்டிங் காலத்து வாதத்தின் பேரன்தான்.

உங்கள் ஆஃபர் லெட்டருக்கு வந்தால்?

1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ரிசர்வ் விதி பிறப்பதற்கு 7 வருஷம் முன்பே இங்கே எழுதப்பட்ட வரி இது.

நடைமுறையில் இதைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

• வேலையில் இருக்கும் காலம்: அந்தக் காலத்தில் போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்பது பொதுவாகச் செல்லும். 1967-லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லியிருக்கிறது.
• வேலையை விட்ட பிறகு: ‘2 வருஷத்துக்குப் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது’ போன்ற தடை பிரிவு 27-ல் அடிபடும்.
• பாண்ட்: பயிற்சிக்காக உண்மையில் செலவழித்த பணத்துக்கு நியாயமான ஈடு கேட்பதை கோர்ட்டுகள் ஏற்பதுண்டு. மிரட்டலாக எழுதப்பட்ட தொகை அப்படியே கிடைத்துவிடாது.
• கம்பெனி ரகசியம்: வாடிக்கையாளர் விவரம், தொழில் ரகசியம் போன்றவற்றை எடுத்துக்கொண்டு போவது வேறு விஷயம். அதற்குப் பிரிவு 27 கேடயம் ஆகாது.

கிரிக்கெட்டிலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு. வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கான், பெர்செப்ட் டிமார்க் என்ற விளம்பர ஏஜென்சியோடு 3 வருஷ ஒப்பந்தம் போட்டிருந்தார். அது முடிந்த பிறகும், வேறு ஏஜென்சி ஆஃபர் கொடுத்தால் முதலில் தங்களுக்கே வாய்ப்பு தர வேண்டும் என்றது ஒரு நிபந்தனை. 2006-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆளைப் பிடித்து வைப்பது தொழில் சுதந்திரத்தைத் தடுப்பதாகும் என்றது. வார்ட் 1887-ல் கேட்ட கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த பதில் என்று இதைச் சொல்லலாம்.

அமெரிக்க பேஸ்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ பட்டியலில் ஸ்பால்டிங்கும் ஆன்சனும் 1939-லேயே இடம் பிடித்தார்கள். வார்டுக்கு அந்த இடம் கிடைக்க இன்னும் 25 வருஷம் ஆனது, 1964-ல். கலகம் தோற்ற பிறகு அவர் வக்கீலாகி, கிளப்புகளுக்கு எதிராக ஆட்டக்காரர்களுக்காக வாதாடினார்.

அடுத்த முறை ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்போது சம்பள வரியைப் படித்துவிட்டு, வெளியே போகும் வழியைச் சொல்லும் வரியையும் படித்துவிடுங்கள். முதல் வரியில் இருக்கும் தொகை அடுத்தடுத்த வருஷங்களில் எவ்வளவு ஏறும் என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது.